மூன்றாவது தீக்குச்சி

கோக்குரா,
ஜூலை 22, 1985

அன்பு மகள் மிசாவோவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் குறையொன்றும் சொல்ல முடியாதபடி இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை ரஸ்ஸலும் குழந்தை நவோமியும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும். மழைக்காலம் ஒருவழியாக முடிந்தது, திருவிழா மேளம் நேற்றோடு ஓய்ந்தது, மூன்று நாளாக அந்தச் சத்தத்தில் என் காது இன்னும் அடைத்துக் கிடக்கிறது. அம்மா மருத்துவப் பரிசோதனைக்குப் போய் வந்தாள், ரத்தத்தில் வெள்ளை அணு போன தடவை மாதிரியேதானாம், டாக்டர் மறுபடி டிசம்பரில் வரச் சொன்னார். என் முட்டிவலிக்குச் சுடுநீர்க் குளியலைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. வேலையில் இருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியும் விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து டிபன் டப்பாவைத் தேடுகிறேன், அம்மா சிரிக்கிறாள். நவோமிக்கு முன்பல் விழுந்ததை எழுதியிருந்தாய், கீழ்ப்பல் என்றால் கூரை மேல் எறிய வேண்டும், உங்கள் ஊர்க் கூரை உயரம் என்றால் ரஸ்ஸலை எறியச் சொல், அவன் பந்து விளையாடியவன்தானே.

உன் கடிதம் பத்தாம் தேதி வந்தது. வழக்கம்போல ஒரு நாள் முழுக்கப் பூஜை மாடத்தில் வைத்திருந்தோம், மறுநாள் காலை அம்மா ஊதுபத்தி ஏற்றிவிட்டு மாடத்துப் பெயர்ப்பலகைகளில் இருக்கும் அவளுடைய அம்மாவுக்கும் தங்கை கிமிக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தாள். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஆகஸ்டில் அங்கே அமெரிக்காவில் உங்கள் ஊர் நூலகத்தில் கூட்டம் போடப்போகிறார்கள், அணுகுண்டு போட்டுப் போரை முடித்தது சரியா தப்பா என்று பேசப்போகிறார்கள், உன் மாமனார் எல்மர் சரி என்ற பக்கம் பேசுகிறார், உன்னை இன்னொரு பக்கம் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், அப்பா ஒரு பக்கம் எழுதித் தந்தால் மொழிபெயர்த்து வாசிப்பேன் என்று எழுதியிருந்தாய். அதுவரைக்கும் அம்மாவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு எல்மர் சொன்னதாக நீ எழுதியிருந்த இடம் வந்தது. “உங்க அப்பாகிட்ட சொல்லும்மா, நான் அப்ப கப்பல்ல இருந்தேன், கியூஷு கரையிலதான் எங்களை இறக்கியிருப்பாங்க, அவரும் அங்கதான் இருந்திருக்காரு, நாங்க ரெண்டு பேருமே அந்தக் குண்டால பொழச்சவங்க.” அம்மா அதையும் படித்து முடித்தாள், மடித்தாள், உறையில் போட்டாள். “அவரு பொழச்சது நல்லதுதான், இல்லேன்னா ரஸ்ஸல் ஏது, நவோமி ஏது” என்றாள். எழுந்து போய்க் காய் ஊறவைக்கும் தவிட்டுக் கலயத்தில் கையை விட்டுக் கிளற ஆரம்பித்தாள், வெள்ளரிக்காய் இரண்டுதான் அதில் இருந்தது, அதைக் கிளற அவ்வளவு நேரம் ஆகாது. கை முழங்கைவரை தவிடாக வெகுநேரம் அப்படியே நின்றாள்.

நானும் எழுந்து போய் ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு என்னவோ ஒன்றும் தோன்றவில்லை மிசாவோ, துக்கமும் இல்லை கோபமும் இல்லை, ஊசி போட்ட ஈறு மாதிரி. பல வருஷமாக இப்படித்தான், நீ சின்ன வயசில் அப்பா எப்போதும் தூக்கத்தில் இருக்கிறார் என்பாய். எல்மர் சொன்னதில் பொய் இல்லை. எங்களுக்கும் பள்ளிக்கூட மைதானத்தில் மூங்கில் ஈட்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், எனக்குப் பதினாறு வயசு, அவர் கரை இறங்கியிருந்தால் எதிரே நான்தான் மூங்கிலோடு நின்றிருப்பேன், ஒரு நிமிஷம்கூட நின்றிருக்க மாட்டேன். அது வேறு கதை. ஆனால் அவருக்குத் தெரியாத இன்னொன்று இருக்கிறது, உனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் நான் சொன்னதில்லை, இந்தக் காகிதத்தில்தான் முதல் தடவை எழுதுகிறேன்.

அந்த வருஷம் எங்கள் வகுப்பு முழுவதையும் இரும்பாலை வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். ஆகஸ்ட் எட்டாம் தேதி அடுத்த ஊரான யஹாதா பக்கம் தீக்குண்டு மழையாகப் பெய்து அந்தப் பக்கமே எரிந்தது. ஹிரோஷிமாவில் ஒரே ஒரு விமானம் வந்து ஒரே ஒரு குண்டில் ஊரை முடித்துவிட்டது என்று பேச்சு அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது, ஆகையால் ஒன்றிரண்டு விமானம் தனியாக வந்தால் கூட்டமாக வருவதைவிட மோசம் என்று எங்கள் மேஸ்திரி ஒகாதா சொல்லிவைத்திருந்தார். தார் நிரப்பின பீப்பாய்களை வரிசையாக வைத்திருந்தோம், கொளுத்தினால் கறுப்புப் புகை எழும்பி ஊரை மூடும், மேலிருந்து பார்க்கிறவனுக்குத் தரை தெரியாது. ஒன்பதாம் தேதி பத்து மணி தாண்டிச் சங்கு ஊதியது. “எத்தனை வருதுடா?” என்று ஒகாதா கத்தினார். ரெண்டுதான் என்று யாரோ சொன்னான். “ஏத்துங்கடா, ஏத்துங்க” என்றார். என் பீப்பாய் கோடியில் இருந்தது. முதல் குச்சி காற்றில் அணைந்தது, இரண்டாவது ஒடிந்தது, “உங்க வீட்டு அடுப்பை யாருடா மூட்டறது?” என்று அவர் பின்னந்தலையில் தட்டினார், மூன்றாவது பற்றிக்கொண்டது. புகை எழும்பி எங்கள் பக்கமே திரும்பியது, இருமிக்கொண்டே பள்ளத்தில் படுத்தோம். விமானச் சத்தம் போய்ப் போய்த் திரும்பி வந்தது, எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை, பிறகு போய்விட்டது. எழுந்து ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்துச் சிரித்தோம், கரி பூசிய முகத்தில் பல் மட்டும் தெரிந்தது. மதியம் கொடுத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு வழக்கத்தைவிடப் பெரிது. அன்றைக்கு நான் கிழங்கு தின்ற நேரத்தில் நாகசாகியில் உன் பாட்டியும் கிமியும் இல்லாமல் போய்விட்டிருந்தார்கள், அந்த ஊருக்கு அதுவரை நான் போனதுகூட இல்லை.

அம்மாவை நான் கட்டிக்கொண்டது ஐம்பத்தொன்றில். அவள் அப்போது ஸ்டேஷன் பக்கம் ஒரு நூடுல்ஸ் கடையில் வேலை பார்த்தாள். நாகசாகியில் குண்டு விழுந்த அன்று மலைக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போயிருந்ததால் தான் மட்டும் தப்பியதையும், மூன்று நாள் சாம்பலில் தேடியதையும், கிடைத்தது வீட்டு ஓட்டின் துண்டு ஒன்றுதான் என்பதையும் கல்யாணத்துக்கு முன்னாலேயே சொன்னாள். அவள் எதையும் மறைக்கவில்லை. எனக்கும் அப்போது மறைக்க ஒன்றும் இருக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து குவானோ கடையில் முடிவெட்ட உட்கார்ந்திருந்தபோது அவன் பத்திரிகையில் வந்ததைச் சொன்னான். அந்த இரண்டாவது குண்டு முதலில் நம் ஊருக்குத்தான் வந்ததாம், தரை தெரியாததால் திரும்பி நாகசாகிக்குப் போனதாம். “தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுண்ணே” என்று சிரித்தான். அந்தத் தலைப்பாகைக்குள்ளே என் மாமியார் இருந்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கிருதாவை எடுக்கட்டுமா என்று கேட்டான், எடு என்றேன். வீட்டுக்கு வந்தேன், அம்மா ஊதுபத்தியை நீட்டி “இன்னிக்கு நீங்க ஏத்துங்க” என்றாள், கை ஈரம் நீயே ஏற்று என்றேன். அன்றோடு சிகரெட்டையும் விட்டேன். அப்பாவுக்குத் தீக்குச்சி பயம் என்று நீயும் அம்மாவும் கேலி பண்ணுவீர்களே, “இரும்பு உலைக்கு முன்னாடி நின்னு சம்பாதிக்கிற மனுஷனுக்குக் குச்சி உரசத் தெரியலை” என்று, அது இதுதான்.

மேகம் மூடியிருந்தது என்கிறார்கள், முந்தின நாள் தீயின் புகை என்கிறார்கள், எங்கள் புகை அதில் ஒரு பங்குகூட இருக்காது என்கிறார்கள். இருக்கலாம். கணக்கு எப்படிப் போட்டாலும் என் குச்சி பற்றியது பற்றியதுதான். நான் கொளுத்தியது தப்பு என்று எந்தக் கோர்ட்டும் சொல்லாது, ஊரைக் காப்பாற்றினாய் என்றுதான் சொல்வார்கள், அதனால்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. யாராவது பாராட்டிவிட்டால் நான் எங்கே போவேன்?

உன் கூட்டத்துக்கு எழுதித் தரச் சொன்னாய். எல்மரைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன், அவர் பிழைத்ததில் சந்தோஷப்படட்டும், நானும் பிழைத்தவன்தான். ஒன்று மட்டும் அவரிடம் கேள், நான் கேட்டதாகவே கேள். அந்தக் குண்டு அவ்வளவு அவசியம் என்றால் அது கோக்குராவுக்கு அவசியமா நாகசாகிக்கு அவசியமா? காலையில் ஒரு ஊருக்கு அவசியமாக இருந்தது மதியத்துக்குள் இன்னொரு ஊருக்கு எப்படி அவசியமாயிற்று? வானம் திறந்த இடத்தில் போட்டார்கள், அவ்வளவுதான். கிமிக்கு ஒன்பது வயசு. போரை முடிக்க அவள் சாக வேண்டியிருந்தது என்றால், அவளுக்குப் பதில் என் பக்கத்து வீட்டுப் பெண்ணாக இருந்திருந்தாலும் சரியாகப் போயிருக்கும் என்றால், அதற்கு அவசியம் என்று பெயர் வைக்க எனக்கு வாய் வரவில்லை. ஜப்பான் வேறெங்கே என்ன செய்தது என்று அவர் திருப்பிக் கேட்பார், கேட்க நியாயம் இருக்கிறது, நாங்கள் உருக்கிய இரும்பு எங்கெல்லாம் போய் விழுந்தது என்று நானும் இத்தனை வருஷத்தில் விசாரிக்கவில்லை. இதையும் சேர்த்தே வாசி, விட்டுவிட்டு வாசிக்காதே.

இதை ஸ்டேஷன் தபால் பெட்டியில் நானே போட்டுவிடலாம் என்று தனியாக உறை வாங்கி வைத்தேன். பிறகு யோசித்தேன், நீ கூட்டத்தில் வாசிப்பாய், அப்பா எழுதியதைக் கேட்டு எல்லோரும் இப்படிச் சொன்னார்கள் என்று பதில் போடுவாய், அது நேரே மாடத்துக்குப் போகும், அம்மா தன் அம்மாவுக்குச் சத்தமாகப் படிப்பாள். அப்படி அவள் தெரிந்துகொள்ள வேண்டாம். நான் எழுதும் கடிதத்தையும் தபாலுக்கு முன்னால் அங்கே வைத்துப் படித்துவிட்டு ஓரத்தில் இரண்டு வரி எழுதுவது அவள் வழக்கமாயிற்றே, இதையும் அங்கேயே வைக்கப் போகிறேன். அவள் படிக்கும்போது பின்னால் உட்கார்ந்திருப்பேன். இது உனக்கு வந்து சேர்ந்தால் அவளே தபாலில் சேர்த்தாள் என்று புரிந்துகொள். வராவிட்டால் நீ இதைப் படிக்கப் போவதில்லை, ஆகவே கவலையும் இல்லை.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் ஒளிக்க ஒன்றும் இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். எல்மருக்கு என் வணக்கம், அவரிடம் சண்டைக்குப் போகாதே, பெரியவர். அம்மா கொடுத்தனுப்பிய தவிட்டுக் கலயத்தைத் தினமும் கிளறு, இரண்டு நாள் விட்டால் புளித்துவிடும், வெயில் காலத்தில் காலையும் மாலையும்.

இப்படிக்கு,
உன் அப்பா
இவாசே தெய்ஜிரோ

மிசாவோ, அம்மா எழுதறேன். முழுசும் படிச்சேன், அம்மாவுக்கும் கிமிக்கும் கேக்கற மாதிரி சத்தமா, ஒரு வரி விடாம. உங்க அப்பா பின்னால குனிஞ்சுக்கிட்டு இருந்தாரு. எனக்குக் கோபம். புகைக்காக இல்லை, பதினாறு வயசுப் பையன், நானா இருந்தாலும் கொளுத்தியிருப்பேன். முப்பது வருஷத்துக்கு மேல என் அம்மாவுக்கு நான் ஒருத்தியே ஊதுபத்தி ஏத்தினேனே, அதுக்கு. நாகசாகிக்காரிங்கறதால அவருக்குப் பிடிக்கலையோன்னு எத்தனை நாள் நினைச்சிருக்கேன், கேக்கக்கூட இல்லை. நானும்தான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். கூட்டத்துல இதை வாசி, கிமி பேரையும் சொல்லு. தீப்பெட்டியை அவர் முன்னாடி வெச்சிருக்கேன். காலையில இருந்து அப்படியே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காரு, இன்னும் எடுக்கலை. நானும் ஏத்தப் போறதில்லை. இன்னிக்கு அம்மாவும் கிமியும் கொஞ்சம் காத்திருக்கட்டும்.