விவசாயம் என்று சொன்ன நைனாவுக்கு

என் அன்புக்கும் ஆத்திரத்துக்கும் சொந்தக்காரரான நைனா,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. அம்மா தினமும் உன் படத்துக்குப் பூ வைக்கிறாள். நான் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

ஆரம்பாக்கத்தில் நமக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. பதினோரு வருஷம் கும்மிடிப்பூண்டி ஷெட்டில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கினாய். அப்படியிருக்க, நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே, கால் வீங்கி வந்த உன்னிடம் டாக்டர் என்ன தொழில் என்று கேட்டபோது, "வெவசாயம் சார்" என்று கூசாமல் சொன்னாய். சொல்லிவிட்டு என்னை முறைத்தாய். நான் வாயை மூடிக்கொண்டேன். நீ மாத்திரையை வாங்கிக்கொண்டு மறுநாளே ஷெட்டுக்குப் போனாய்.

அங்கே என் வேலை என்னவென்று ஒருநாளாவது கேட்டிருக்கிறாயா? கிட்னியில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தவர்களின் முடிவையெல்லாம் அந்தக் குண்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். முன்பு ஒரே நோயை ஆளுக்கொரு விதமாக எழுதினார்களாம், யாருக்கு என்ன என்று சேர்த்துப் பார்க்க முடியாதாம். இப்போது பல ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரே பட்டியல், ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கோடு நம்பர். ஈயத்தால் கெட்ட கிட்னிக்கு ஒன்று, காரணம் தெரியாமல் கெட்டதற்கு வேறொன்று. சதையை மட்டும் பார்த்து ஈயம்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆள் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

உனக்கும் சதை எடுத்துப் பார்த்தார்கள். நீ சொல்லவில்லை. 'காரணம் தெரியவில்லை' என்ற நம்பரை உனக்கு என் கையாலேயே அடித்தேன். பெற்ற மகளுக்கா காரணம் தெரியாது?

போன வாரம் உன்னோடு ஷெட்டில் இருந்த முனுசாமி மாமா வந்தார். அதே வீங்கிய கால். டாக்டரிடம் அவரும் "வெவசாயம்" என்றார். அதே முறைப்பு. வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

"உங்க நைனாதாம்மா சொல்லிக் குடுத்தாரு. ஷெட்டு பேர எடுத்தா மேஸ்திரி கேட்டாண்டயே நிறுத்தி வேலய புடுங்கிடுவான்னு. எங்க எல்லாருக்கும் அதான் சொன்னாரு."

எல்லாருக்கும்! இன்னும் எத்தனை பேருக்கு அந்த நம்பரை நான் அடித்திருப்பேன்? நேரே உள்ளே போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "இத்தனை நாள் தெரிஞ்சும் சும்மா இருந்தியா?" என்று எரிந்து விழுந்தார். மாமாவின் ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லி எழுதினார். மாமா வாசல்வரை என்னைத் திட்டிக்கொண்டே போனார்.

"இன்னா பொண்ணு நீ? என் வேல போச்சுனா உன் ஊட்டாண்டதான் வந்து குந்திக்கினு இருப்பேன், பாத்துக்கோ!"

நேற்று ரிசல்ட் வந்தது. ரத்தத்தில் ஈயம் எக்கச்சக்கம். கூடவே உன் பெட்டியிலிருந்த ஷெட் கேட் பாஸையும் டாக்டர் மேஜைமேல் வைத்தேன். உன் ரிப்போர்ட்டை மறுபடி படித்துப் பார்த்து, கோடு நம்பரை மாற்றக் கையெழுத்துப் போட்டார். பழைய நம்பரை அழித்துப் புதியதை நானே அடித்தேன். ஒரு நிமிஷ வேலை. நீ உயிரோடு இருக்கும்போதே செய்திருக்க வேண்டியது.

மாமா வந்து குந்தட்டும் நைனா, சோறு போடுகிறேன். ஆனால் உன் ஷெட்டிலிருந்து இனி எவர் வந்து விவசாயம் என்றாலும், முறைக்கப் போவது நான்தான். இது உன்மேல் சத்தியம்.

உன் கண்ணையும் உன் கோபத்தையும் அப்படியே கொண்டு பிறந்த மகள்,
கோமதி