ஒற்றைச் செருப்போடு அறைக்குள் போனவனைப் பற்றி

அனுப்புநர்:
பேருந்துப் பணிமனையில் வண்டி கழுவி ஓய்வுபெற்றவன்,
தையற்கடை மாடி, பின்பக்க அறை.

பெறுநர்:
தலைமை அதிகாரி அவர்கள்,
உளவுத்துறை.

பொருள்: தங்கள் துறையின் முன்னாள் இரகசிய ஊழியனான என் மகன் உயிருடன் இருக்கிறானா எனத் தெரிவிக்கக் கோருதல், அவனைப் பற்றி வந்த திரைப்படம் குறித்த புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லக் கீழ்க்கடைத் தையற்காரர் எழுதுகிறார். கையெழுத்து அவருடையது, வயிற்றெரிச்சல் என்னுடையது.

1. என் ஒரே மகன் கடைசியாகப் புறப்பட்ட அன்று நல்ல மழை. சட்டையில் மேல் பொத்தான் இல்லை. அவன் அம்மா ஊசியோடு வாசல் வரை ஓடினாள். "வந்ததும் தச்சுக் குடும்மா" என்று போனவன்தான்.

2. தேடி வந்த என்னிடம் தங்கள் அலுவலகத்தில், "உங்க மகன் வேலைய விட்டுட்டாரு பெரியவரே. முன்னாள் ஊழியர். எங்களுக்குச் சம்பந்தம் இல்ல" என்றார்கள். ஐயா, வேலையை விட்டவன் வீட்டுக்குத்தானே வருவான்?

3. சென்ற மாதம் ஒரு படம் வந்தது. முன்னாள் உளவாளி ஒருவரின் உண்மைக் கதை, உடன் வேலை பார்த்தவர்கள் சொன்னது என்று சுவரொட்டியில் இருந்ததைத் தையற்காரர் வாசித்துக் காட்டினார். படுத்த படுக்கையாகக் கிடக்கும் என் மனைவி, "போய்ப் பாத்துட்டு வாங்க" என்று பிடிவாதம் பிடித்தாள். போனேன். படம் படுமோசம். கதாநாயகன் ஹெலிகாப்டரில் தலைகீழாகத் தொங்குகிறான். என் மகன் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலே நான் இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊரே சேர்ந்து சுட்டும் கதாநாயகன் சட்டை கசங்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் குறட்டை விட்டார். நானும் கிளம்ப எழுந்துவிட்டேன்.

4. அப்போதுதான் அந்தக் காட்சி வந்தது. விடுதி அறை வாசலில் கதாநாயகன் ஒரு செருப்பை வெளியே கழற்றிவிட்டு, மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனான். தியேட்டரே சிரித்தது. எழுந்த நான் திரும்ப உட்கார்ந்துவிட்டேன். சின்ன வயதில் புதுச் செருப்பைப் பறிகொடுத்த நாளிலிருந்து என் மகன் அப்படித்தான் செய்வான். கேட்டால், "ஒத்தச் செருப்ப எவன்ப்பா தூக்குவான்?" என்பான். இது எங்கள் மூவருக்குள் இருந்த விஷயம். அவனோடு ஓர் அறையில் தங்கிய யாரோதான் படக்காரர்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

5. படத்தின் முடிவில் அவன் ரயிலேறிப் போகிறான். செத்தானா பிழைத்தானா என்று காட்டவில்லை. அடுத்த பாகம் வருமாம். வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கேட்டாள்: "கடைசில புள்ள உயிரோட இருக்கானா?" இருக்கான் என்று சொல்லிவிட்டேன். அன்று முதல் அவள் கதவைத் தாழ்போட விடுவதில்லை. ஊசியில் நூல் கோத்துத் தலையணையில் குத்தி வைத்திருக்கிறாள்.

படத்தைத் தடை செய்யச் சொல்லவில்லை. பதக்கமும் வேண்டாம். செருப்பு விஷயத்தைச் சொன்னவரைக் கண்டுபிடித்து, என்னை அவர்முன் ஒரு நாழி உட்கார வையுங்கள். மகன் இருந்தால், அம்மாவுக்கு மூச்சு இருக்கும்போதே வரச் சொல்லுங்கள். இல்லையென்றால், அதைச் சொல்ல வருகிறவர் தயவுசெய்து மாடி ஏற வேண்டாம். தையற்கடைக்கு என்னைக் கூப்பிட்டனுப்பட்டும். படியில் செருப்புச் சத்தம் கேட்டால் அவள் ஊசியைக் கையில் எடுத்துவிடுவாள்.

நாள்: தியேட்டரில் படம் மாற்றிய வெள்ளிக்கிழமை
இடம்: தையற்கடை

தங்கள் முன்னாள் ஊழியனுக்கு
இன்றும் தகப்பனாக இருப்பவன்

(இடது கைப் பெருவிரல் ரேகை)