கட்டில் கால் அம்பு

2025 ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்றைக்கும் கிரீஷ் வாயைத் திறந்தார். வயலின் வாத்தியாரான இந்த மனிதருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதைவிட என்னைச் சீண்டுவதில்தான் சுகம். காலையில் ராஜா அண்ணாமலைபுரம் மைதானத்தில் எல்லாரும் வில்லுக்கு நாண் ஏற்றிக்கொண்டிருந்தோம். என் அம்பு ஒன்றை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கட்டில் காலை அறுத்து அம்புல ஒட்டறேளாமே சோஃபியா, நெஜமா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வில் சங்கத்தின் செயலாளரான இவர் சிரித்தால் மற்றவர்கள் சிரிக்காமல் இருப்பார்களா?

ஆமாம், கட்டில் கால்தான். பழைய ஈட்டி மரம், ரோஸ்வுட். எங்கள் சங்கத்தில் மர அம்பு மட்டும்தான். பைன் தண்டு நன்றாகப் பறக்கும், ஆனால் கல்லில் பட்டால் முனைக்குப் பின்னால் ஒடிந்துவிடும். அதனால் முன்பகுதிக்கு மட்டும் கனமான மரம். பைனை ஆப்பு மாதிரி சீவி, ஈட்டி மரத்தைப் பிளந்து, சொருகி ஒட்ட வேண்டும். உருட்டிச் சீவியதும் அந்தக் கருப்பு மரம் பைனின் இரண்டு பக்கமும் நீண்ட இலை மாதிரி ஏறி நிற்கும். தேனாம்பேட்டை பல் லேபில் இத்தனை வருடமாகச் செட்டுப் பல் செய்கிறவள் நான். என் ஒட்டு விடாது.

சிரித்து முடித்த பிறகு தனக்கும் ஆறு அம்பு வேண்டும் என்றார். இறகு கிளிப்பச்சையில் வேண்டுமாம். கிளிப்பச்சை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாத நிறம். முடியாது என்று சொல்லியிருக்கலாம். செய்து காட்ட வேண்டும் என்கிற வீம்பு.

செப்டம்பர் 7

கொடுத்தாகிவிட்டது. "பரவால்லயே" என்றார். பரவாயில்லையாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

சங்கத்துக்குப் படம் எடுக்க ஒருவர் வந்திருந்தார். கிரீஷ் புது ஜிப்பா போட்டுக்கொண்டு, என் அம்பைப் பூட்டி, நாணை இழுத்து, முகத்தை இப்படியும் அப்படியும் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு நிஜமாகவே விட்டார். சுள்ளி முறிகிற சத்தம். அம்பு வில்லைத் தாண்டும் முன்பே இரண்டாக ஒடிந்தது. பின்பாதி அவர் இடது கட்டைவிரலின் அடியைக் கிழித்துக்கொண்டு போனது.

துவாலையை எடுத்துக்கொண்டு முதலில் ஓடினவள் நான்தான். "தொடாதேள். உங்க ஒட்டுதான் விட்டிருக்கு" என்றார். ரத்தம் சொட்டிக்கொண்டிருக்கும்போதே. அடிபட்டவுடன் வலிக்கிறது என்று சொல்வானா மனுஷன், ஒட்டு விட்டிருச்சுன்னு சொல்வானா? எங்களோடு எய்கிற அன்புச்செல்வி அம்பின் இரண்டு துண்டையும் பொறுக்கி அவர் பையில் போட்டு, ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனாள். தையல் போட்டிருக்கிறார்களாம்.

சாயந்திரம் மாதா கோயில் பூசையில், பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிற நேரம் வந்தது. பக்கத்து அம்மாவுக்குக் கை கூப்பினேன். மனதில் கிரீஷ் முகம் வந்தது. கூப்பின கையை இறக்கிவிட்டேன்.

செப்டம்பர் 16

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் கிரீஷின் அறிவிப்பு. அக்டோபர் ஐந்தாம் தேதி கமிட்டி கூடும் வரை 'ஒட்டுப் போட்ட அம்புகள்' தடை. அவற்றைச் செய்கிற உறுப்பினரும் அதுவரை மைதானத்துக்கு வராமல் ஒத்துழைக்க வேண்டுமாம். என் பெயரைப் போடக்கூடத் தைரியம் இல்லை. கீழே எத்தனை பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள் — என் அம்பைக் கடன் வாங்கி எய்தவர்கள்.

ஐந்தாம் தேதி என்னை வெளியே தள்ளிவிடுவார்கள். அது முடிந்த கதை என்றுதான் அவர் நினைக்கிறார். அவர் கை ஆறவே கூடாது என்று நினைத்தேன். எழுதியும் விட்டேன். இருக்கட்டும்.

செப்டம்பர் 18

மீதி இருந்த ஈட்டி மரத்தை அடுப்படிப் பரணில் தூக்கிப் போட்டேன். பிறகு நானே ஏறி எடுத்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் கிடக்கிறேன். அன்புச்செல்வி போன் செய்தாள். "சோஃபியாக்கா, ஒண்ணு சொல்றேன், எம்பேரு வர வேணாம். அது ஒட்டுல ஒடியல. நடுவுலதான் ஒடிஞ்சி கீது. நான்தானே பொறுக்குனேன்."

அப்புறம் ஏன் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். "இன்னாக்கா பண்றது, அவரு செகரெட்ரி" என்றாள்.

உடனே கிரீஷை அழைத்து, துண்டுகளைப் பார்க்க வேண்டும் என்றேன். "அதெல்லாம் அன்னிக்கே குப்பைல போட்டாச்சு" என்று வைத்துவிட்டார். பொய்யாக இருந்தால் பிடிக்கலாம். உண்மையாக இருந்தால் நான் காலி.

செப்டம்பர் 25

கிரீஷின் மனைவி ஹம்சா வருஷா வருஷம் கொலுவுக்கு அழைப்பாள். இந்த வருடமும் அழைத்தாள். "அவர் சண்டை அவரோட. நீங்க வரணும்" என்றாள். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். போனேன். அவர் கச்சேரி கேட்கப் போயிருந்தார்.

மயிலாப்பூரில் அந்தக் குறுகலான ஹாலை முக்கால்வாசி கொலுப்படியே அடைத்துக்கொண்டிருந்தது. சுண்டலை வைத்துக்கொண்டு மேலே பார்க்கிறேன், தசாவதாரத்தில் வராகத்தின் காலடியில் கிளிப்பச்சை. இறகு. அந்தப் பொம்மைக்கு அடியில் பின்பாதி. பக்கத்தில் நரசிம்மருக்கு அடியில் முன்பாதி, என் ஈட்டி மரத்தோடு.

"இவர் குப்பைல போடச் சொன்னார். பலகை கோணி, பொம்மை ரெண்டும் ஆடிண்டே இருந்துதா, முட்டுக் குடுத்துட்டேன்" என்றாள் ஹம்சா. அதை எனக்குக் கொடு என்றேன். கொடுக்கிறாளாம், ஆனால் கொலுவை நடுவில் கலைக்க மாட்டாளாம். விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்த பிறகுதான் எடுப்பாளாம். மறுநாள் வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமையும் எடுக்க மாட்டாளாம். சனிக்கிழமை வா என்றாள்.

ஞாயிறு கமிட்டி. என் மானம் வராகத்தின் காலடியில் கிடக்கிறது.

செப்டம்பர் 30

அதற்குள் அவர் பார்த்துவிட்டால்?

அக்டோபர் 4, சனி

கிடைத்தது. ஹம்சா பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்தாள். வாசலில் நின்றே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

லேபின் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒட்டு அப்படியே இருக்கிறது, மயிரிழைகூட விடவில்லை. ஒடிந்தது நடுத் தண்டு. ஏன் ஒடிய வேண்டும்? நல்ல தண்டு, நான் பொறுக்கி எடுத்தது. வால் பக்கம் திருப்பினேன். நாண் உட்காருகிற பிளவுத் தொப்பி இருக்கிறதே, அதன் அடியில் என் பழைய பசைத் தடம் ஒரு இடத்தில் இருக்கிறது, தொப்பி கால் வட்டம் தள்ளி இருக்கிறது. சூடு காட்டித் திருப்பியிருக்கிறார்.

நாலு இறகு என்பதால் கால் வட்டம் திருப்பியும் இறகு வில்லில் இடிக்கவில்லை. ஆனால் மர ரேகை பார்க்கிற திசை மாறிவிட்டது. ஸ்கேலை நிமிர்த்திப் பிடித்தால் வளையாது, படுக்கவைத்துப் பிடித்தால் வளையும். அவ்வளவுதான் விஷயம். பலமான பக்கம் வில்லைப் பார்க்கிற மாதிரி நான் ஒட்டிக் கொடுத்ததை, மெலிந்த பக்கமாகத் திருப்பிக்கொண்டு எய்திருக்கிறார். எய்துவிட்டு என் மேல் பழி.

நாளைக்கு அவரை நார் நாராகக் கிழிக்கிறேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

துண்டுகளைக் கமிட்டி மேஜையில் வைத்தேன். ஸ்கேலை வளைத்துக் காட்டினேன். பசைத் தடத்தைக் காட்டினேன். "குப்பைல போட்டாச்சுன்னீங்களே, யார் வீட்டுக் குப்பை?" என்று கேட்டேன். அதுவரை நன்றாகத்தான் போனது.

கிரீஷ் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நான்தான் திருப்பினேன். அந்தக் கறுப்பு இலை மேலயும் கீழயும்னா இருந்துது. பக்கத்துல நின்னு படம் எடுத்தா தெரியவே இல்லை. அவ்ளோ அழகா இருக்கறது தெரியாமப் போறதேன்னு..."

அழகாம். அன்றைக்குக் கட்டில் கால் என்று சொல்லிச் சிரித்த வாய். கூட்டத்துக்கு முன்னால், அதுவும் நான் கிழிக்கப் போகிற நேரத்திலா சொல்ல வேண்டும்? வீட்டில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் போச்சு. இன்னும் கோபம்தான் வந்தது.

அன்புச்செல்வி வேறு இடையில் புகுந்தாள். "அத்தத் திருப்பக் கூடாதுன்னு அவருக்குச் சொல்லிக் குடுத்தியாக்கா?" இதையெல்லாமா சொல்லிக்கொண்டிருப்பார்கள்? வாயை மூடு என்றேன்.

தடை நீங்கியது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

அக்டோபர் 12

என் இடத்தில் நின்று எய்தேன். எல்லாரும் வந்து பேசினார்கள். அந்தக் கட்டைவிரல் தூக்கினவர்கள். ஒருவர் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. கிரீஷ் வரவில்லை.

அக்டோபர் 26

ஹம்சா தீபாவளி பட்சணம் கொண்டுவந்து கொடுத்தாள். கட்டைவிரல் முழுசாக மடங்கவில்லையாம். வயலினை எடுக்காமல் வாயால் பாடியே வகுப்பு நடத்துகிறாராம். அம்பு எய்கிற வில்லைத் தை மாதத்துக்கு மேல் தொடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். பாவம் என்று நான் எழுத மாட்டேன். முறுக்கு நன்றாக இருந்தது.

அக்டோபர் 29

அம்பின் ஒட்டில் ஒரே ஆப்புக்குப் பதில், அதற்குக் குறுக்கே இன்னொன்றும் அறுத்தால்? இரண்டு தண்டு பாழ். மரத்தூள் கண்ணில் விழுந்ததுதான் மிச்சம்.

நவம்பர் 16, ஞாயிறு

புது அம்பு ஆறும் முடிந்தன. இப்போது இலை நாலு பக்கமும் ஏறி நிற்கிறது. எங்கே நின்று படம் எடுத்தாலும் தெரியும், எவரும் எதையும் திருப்ப வேண்டியதில்லை. திருப்பவும் முடியாது, தொப்பியின் மேல் பட்டு நூல் சுற்றிப் பசை பூசிவிட்டேன்.

இறகு கிளிப்பச்சை. பார்க்கச் சகிக்கவில்லை.