ஒரே பீரியடில் இரண்டு வகுப்பு

ஜூன் 12, வியாழன்

இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

கணக்கு வாத்தியார் வேலையோடு, பதினேழு வருடமாக எங்கள் பள்ளிக்கூடத்துக்கு டைம்டேபிள் போடுகிறவன் நான். இந்த வருடம் செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடுக்கு அறிவியல் ஆசிரியர் முருகையாவை ஒன்பதாம் வகுப்பிலும் போட்டிருக்கிறேன், பத்தாம் வகுப்பிலும் போட்டிருக்கிறேன். நான்கு தடவை சரிபார்த்தும் கண்ணில் படவில்லை.

இன்று ஆசிரியர் அறையில் முருகையா அதைத் தூக்கிக் காட்டினான். "அண்ணாச்சி, பாதி அங்கன, பாதி இங்கன நிக்க நான் என்ன சங்கரநாராயணரா?" எல்லோரும் சிரித்தார்கள். அவன் தாயார் இறந்தபோது பத்து நாள் அவன் வகுப்புகளையும் சேர்த்து எடுத்தவன் நான்.

"காலையிலேயே ஊத்திட்டு வாராரு போல" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். தலைமையாசிரியர் அது காதில் விழாதவர்போல, "இனிமே டைம்டேபிளை முருகையா பாக்கட்டும். நீரு ரெஸ்ட் எடும், வே" என்றார்.

நான் குடிப்பதில்லை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொண்டே வருகின்றன. மோயாமோயா என்று பெயர், அபூர்வமாம். படித்தது மறக்காது, பேச்சு தடுமாறாது, நாலு விஷயத்தைச் சேர்த்துப் பிடிக்கிற திறன்தான் நழுவும் என்று திருநெல்வேலி டாக்டர் ஏப்ரலிலேயே சொன்னார். பள்ளியில் சொன்னால் வகுப்பையும் பிடுங்கிவிடுவார்கள். வீட்டில் சொல்ல ஆளில்லை.

வகுப்பு போனாலும் போகட்டும், குடிகாரன் என்ற பெயர் வேண்டாம் என்று தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன். 'உங்கள் கணக்கு வாத்தியார் குடிகாரரல்ல, நோயாளி' என்று வேறு யாரோ சொல்வதுபோல. பதினேழு வருடமாக நோட்டீஸ் போர்டில் அவர் பார்த்துவருகிற அதே சாய்வெழுத்து. தெரிந்தால் தெரியட்டும். பெயர் போடாமல் காலையில் தபாலில் சேர்த்துவிடுகிறேன்.