தாலிச் சரடில் இரண்டு ஊக்கு

செவ்வாய், ஜூன் 10

காலையிலேயே அனல். விருத்தாசலத்திலிருந்து ஜீப்பில் வேப்பூர் தாண்டி ஒரு மானாவாரிக் கொல்லை. மண்ணுக்கடியில் இரும்புத் தாது தேடும் வேலை, நாலாம் நாள். காந்தமானியை முதுகில் மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடை. உடம்பில் இரும்பு இருந்தால் அளவு கெட்டுவிடும். அதனால் செல், சாவி, வாட்ச், கொண்டை ஊசி எல்லாம் டிரைவரின் டப்பாவில்.

கூட வேலை பார்க்கும் ஸ்டெல்லா நடந்த வரிசைகளின் வரைபடத்தில் அழகாக ஒரு மேடு எழும்பியிருக்கிறது. என்னுடையதில் வடக்கே போகும்போது ஏற்றம், தெற்கே திரும்பும்போது இறக்கம். ஒரே கிறுக்கல். மேலதிகாரி சார் அவள் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தாது பார்க்கத் துளை எங்கே போடுவது என்று வெள்ளிக்கிழமை முடிவு செய்கிறார். எனக்குப் பதினோரு வருஷ அனுபவம். அவள் வந்து எட்டு மாதம். வயிறு எரிகிறது.

வாங்க: பால், ஓ.ஆர்.எஸ்., சாக்ஸ்.

புதன் 11

அவள் மேடு பழைய போர்வெல் குழாயாக இருக்கும், இரும்புக் குழாய் அப்படித்தான் காட்டும் என்று சாரிடம் பற்றவைத்தேன். கொல்லைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார். "எங்கப்பா காலத்துலேர்ந்து மானாவாரிதாங்க. இங்க போரே போட்டதில்ல." எனக்கு அசடு வழிந்தது. ஸ்டெல்லா குத்திக் காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மதியம் அவள் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு. நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

வியாழன் 12

அவள் வரிசையை நானே நடக்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். மேடு இல்லை என்று காட்டத்தான், வேறெதற்கு. மறுபடி கிறுக்கல். மிஷின் கோளாறு என்றேன். அவள் நடந்ததும் அதே மிஷின்தான்.

சார் டீக்குப் போனதும் பக்கத்தில் வந்தாள். மெதுவாக, "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. தாலியில ஊக்கு எதுனா மாட்டி வச்சிருக்கீங்களா?"

இரண்டு. அவசரத்துக்கு உதவும் என்று போன வாரம் மாட்டியது. தாலியைக் கழற்றுவதில்லை, ஊக்கும் நினைவில் இல்லை. வேலைக்கு வந்த முதல் நாள் ஒரு கொண்டை ஊசிக்காக இவளை எல்லார் முன்னாலும் திட்டியவள் நான்.

எப்போதிலிருந்து தெரியும் என்றேன். "திங்கக்கிழமையே தோணுச்சுக்கா. தாலிய பத்தி எப்படிக் கேக்கறதுன்னுதான்."

வெள்ளி 13

மேகமூட்டம். ஊக்கில்லாமல் நடந்தேன். கோடு வழவழவென்று வந்தது. அதே இடத்தில் அதே மேடு. துளை அங்கேதான்.

அறிக்கையை அவள்தான் டைப் அடித்தாள். அளவெடுத்தவர்கள்: என் பெயர் முதலில், அவள் பெயர் கீழே. சாரிடம் ஊக்கைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. அவள் கொஞ்சம் கெட்டவளாக இருந்து தொலைத்திருக்கலாம்.

பெயர் வரிசையை நானும் மாற்றச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டேன்.