பள்ளிக்கூட வாசலில் ஓடிய உன் குரல்

அன்புள்ள மகன் பரிதிக்கு, அம்மா ரெங்கம்மாள் எழுதுவது. கத்தார் வெயிலில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

குறுவை அறுத்தாயிற்று, நெல் மழையில் கிடக்கிறது, அது கிடக்கட்டும். போன மாதம் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தட்டம்மை ஊசி போடக் குடவாசலிலிருந்து நர்ஸ் இசைவாணி வந்திருந்தாள். அந்த ஊசி போட்டால் பிற்பாடு பிள்ளை பிறக்காது, வெளிநாட்டுக்காரன் நம்மை வைத்துச் சோதிக்கிறான் என்று நீ ஊர் வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்பினாயே, அதை நம் தெரு நடராசன் செல்போனில் சத்தமாக ஓடவிட்டுக்கொண்டு ஒரு கூட்டத்தோடு வந்தான். கத்தார்ல இருக்கிற பையனுக்குத் தெரியாததா என்று கத்தினார்கள். இசைவாணி, “அண்ணே, எல்லாப் பிள்ளைக்கும் போட்டாத்தான் அம்மை ஊருக்குள்ள வராது, நீங்க சொல்ற வெளிநாட்டுலயும் இதே ஊசிதாண்ணே” என்றாள். மண்வெட்டிக் காம்பால் நடராசன் அடித்தான். அவள் கை முறிந்த சத்தம் வேலிக்கு இந்தப்பக்கம் நின்ற எனக்குக் கேட்டது. விழுந்தவளை வயிற்றில் உதைத்தார்கள், மருந்துப் பெட்டியை மிதித்து நொறுக்கினார்கள், எல்லாம் நம் வீட்டில் சாப்பிட்டவர்கள்தான். அப்பா ஓடிப்போய் அவள்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். செங்கல் விழுந்து மண்டை பிளந்தது. அப்போதும் உன் குரல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டேதான் அவர் அடிவாங்கினார். தலையில் தையலோடு இருந்தவரிடம் யார் குரல் என்று போலீஸ் கேட்டபோது, “என் மகன்தாங்க” என்றார், மறைக்கவில்லை.

அதற்கப்புறம் யாரும் பிள்ளைக்கு ஊசி போடவில்லை. தெருவில் வீடு வீடாக அம்மை வந்துவிட்டது. உன் தங்கச்சி குந்தவையின் கைக்குழந்தைக்கு ஊசி போடும் வயதே ஆகவில்லை, மற்ற பிள்ளைகள் போட்டிருந்தால் அதுவும் தப்பித்திருக்கும். இப்போது தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடக்கிறது. பிள்ளை எப்படி இருக்கிறதென்று மாமன் போனில் கேட்டானா என்று பார்க்க வருகிறவர்கள் குந்தவையிடம் விசாரிக்கிறார்கள்.

இசைவாணி கையில் கட்டோடு அடுத்த வாரம் மறுபடி ஊசி போட வருகிறாள். நீ இங்கே வரவேண்டாம், பணமும் அனுப்பவேண்டாம். அதே குழுவில், உன் பேரைச் சொல்லி, நான் சொன்னது பொய் என்று பேசி அனுப்பு. அவள் வருவதற்குள் அனுப்பு. வேளைக்குச் சாப்பிடு. நீ நல்ல மனிதனாக நீண்ட காலம் இருக்க வேண்டும்.

உன்னைப் பெற்றவள்,
ரெங்கம்மாள்