லாரி தின்ன சத்தம்

எதிர் ஊட்டு எதிரிக்கு,

பாலம் வேலைக்காக நம்ம தெருவுக்குள்ள திருப்பிவிட்ட லாரியெல்லாம் மெயின் ரோட்டுக்கே போயிருச்சு. நேத்து தெருவே அமைதி. உங்கம்மா உங்க வாசலில் நின்னபடியே கேட்டாங்க: "ஏண்டா, எம்மவன் தினமும் ஷட்டிலுக்குக் கத்திக் கத்திக் கூப்பிட்டானே, உனக்கு என்னடா அவ்வளவு கிராக்கி?"

"ஐயோ, இல்லீங்கம்மா! நானும்தான் மாடியிலிருந்து கூப்பிட்டேன். அவன்தான் திரும்பிக்கூடப் பார்க்கலை!"

ரெண்டு பேர் சத்தத்தையும் லாரி தின்னுருக்குடா. போன் பண்ண விடாம ரோஷம் வேற.

நான் ஒண்ணும் ஏங்கலை. இத்தனை மாசமா சுவரோடதான் ஆடினேன். சுவர் உன்னைவிட நல்லா ஆடுது.

நெட்டுக்குப் பனியன் கம்பெனி வேஸ்ட் துணியைக் கயிறா முறுக்கி, ஒரு முனையை எங்க கேட்டில் கட்டிட்டேன். மறுமுனை உன் வாசலில் கிடக்கு. உங்க சொந்த ஊர்த் திருவிழா முடிஞ்சு வந்ததும் கட்டுடா.

இப்படிக்கு,
சுவரிடம் தினமும் தோற்றவன்